இரண்டு லீவுகளுக்கு நடுவே

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள் என்றால், மறுநாள் காலையிலிருந்து வீட்டில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை! "லீவு எப்போதடா முடியும்?" என்று தாய்மார்கள் காலண்டரைப் பார்க்கிறார்கள். லீவு முடிந்து குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கியதும், அதே தாய்மார்களுக்கு வீடு வெறிச்சென்று போய்விடுகிறது. நம்முடைய மனசே விசித்திரமானது, போங்கள்!

பட்டணத்துச் சகோதரிகளுக்கு இந்த அநுபவம் பழக்கமானதுதான். ஆனால் உங்களில் பலருக்குப் பெரம்பலூர்ப் பக்கத்திலோ அரியலூர்ப் பக்கத்திலோ ஒரு தாய்வீடு, ஒரு நாத்தனார் வீடு, குறைந்தபட்சம் தூரத்து உறவு ஒன்றாவது இருக்கும். அந்த ஊர்களின் ஆரம்பப் பள்ளிகளில் ஜனவரி மாதம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கலாம், வாருங்கள்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மேட்டு நிலந்தான் இந்தச் சீமை. ஒரு காலத்தில் எல்லாம் திருச்சி ஜில்லாவாக இருந்தது. 1995 நவம்பர் 1-ஆம் தேதி பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து அரியலூர் 2001-இல் பிரிந்தது; 2002-இல் மறுபடி சேர்ந்தது; 2007 நவம்பர் 23-ஆம் தேதி மறுபடி பிரிந்தது. சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போய், சமாதானமாகித் திரும்பி வந்து, மறுபடி தனிக்குடித்தனம் போன மருமகள் மாதிரி! அரியலூருக்கு ரயில் உண்டு. பெரம்பலூருக்குக் கிடையாது, பஸ்தான். லீவுக்கு வந்த பேரன் பேத்திகளை ஏற்றி அனுப்ப அரியலூர்ப் பாட்டி ஸ்டேஷனுக்கும், பெரம்பலூர்ப் பாட்டி பஸ் நிலையத்துக்கும் போகிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வது மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான்.

குளிர்கால விடுமுறை என்று சொன்னால் டில்லிக்காரர்களுக்கு அர்த்தம் வேறு. அங்கே குளிருக்காகவே பள்ளியை மூடுகிறார்கள். நமக்கோ பரீட்சை முடிந்த களைப்பு, கிறிஸ்துமஸ், புது வருஷம் இவற்றுக்காக லீவு. 2024 டிசம்பர் 24-ஆம் தேதி தொடங்கிய விடுமுறை, 2025 ஜனவரி 1-ஆம் தேதி புதன்கிழமை முடிந்தது. பிறகு 14-ஆம் தேதியே பொங்கல். நடுவே பள்ளி நடந்தது எண்ணிப் பார்த்தால் எட்டு நாள்தான். இந்த எட்டு நாளைப் பெரியவர்கள் யாரும் மதிப்பதில்லை. "பொங்கல் கழியட்டுமே, அப்புறம் போகட்டுமே!" என்று சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சந்தோஷமான சமாசாரம். ஜனவரி மாதத்தில் புதுப் புத்தகம் வரும்! நாம் படித்த நாளில் ஜூன் மாதம் வாங்கிய புத்தகம் ஏப்ரலுக்குள் அட்டை கிழிந்து, மூலை மடிந்து, சில சமயம் பாதிப் பாடமே காணாமற் போய்விடும். 2012-13-ஆம் கல்வி ஆண்டில் தமிழ்நாட்டில் முப்பருவ முறை வந்தது. சின்ன வகுப்புகளுக்கு வருஷத்தை மூன்றாக வெட்டி, பருவத்துக்கு ஒரு புத்தகமாகக் கொடுக்கிறார்கள். முதுகு வலிக்கும் மூட்டை குறைந்தது. மூன்றாம் பருவப் புத்தகம் அரையாண்டு லீவு முடிந்து வந்தவுடன் கைக்கு வந்துவிடுகிறது. வாங்கியதும் குழந்தை செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? படிப்பதில்லை, மூக்கில் வைத்து மோந்து பார்ப்பது!

அடுத்தது சமாசாரப் பரிமாற்றம். ஒன்பது நாள் பார்க்காத சிநேகிதிகள் ஒன்பது வருஷம் பிரிந்திருந்தவர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். ஒருத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறது. ஒருவனுக்கு மொட்டை. இன்னொருத்தியின் சீருடைப் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. "எங்க அப்பாயி வீட்டு மாடு கன்னு போட்டுச்சு டீச்சர்!" "எங்க அம்மாயி ஆஸ்பத்திரியிலே இருக்காங்க." "எங்க வீட்டுக்குத் தம்பிப் பாப்பா வந்துருச்சு. ஆனா அழுதுகிட்டே இருக்கு." இந்தப் பக்கத்தில் அப்பாவைப் பெற்றவள் அப்பாயி, அம்மாவைப் பெற்றவள் அம்மாயி. இரண்டே எழுத்து மாறுவதில் இரண்டு வீட்டு உறவும் தெளிவாகிவிடுகிறது, பாருங்கள்! பட்டணத்தில் இரண்டு பேரையும் 'பாட்டி' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம்.

வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் சமாசாரம் கடல் தாண்டி வருகிறது. அங்கே எத்தனையோ வீடுகளில் அப்பா வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். தகப்பனாரின் முகத்தைக் கைபேசியில் பார்த்தே வளரும் குழந்தை, "வாப்பா அடுத்த மாசம் வர்றாங்க" என்று சொல்லும்போது அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. "லீவுக்கு எங்கே போனாய்?" என்று கேட்பது நமக்கெல்லாம் பழக்கம். எங்கேயும் போகாத குழந்தையும் வகுப்பில் இருக்கிறதல்லவா? பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரிப் பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் இடம். டிசம்பர், ஜனவரியில் காட்டில் வேலை மும்முரம். பருத்தி எடுக்கப் போகும் அம்மாவின் பின்னாலேயே போய், வரப்பில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அந்தக் குழந்தையின் லீவு. "எங்கே போனாய்?" என்றால் அது தலையைக் குனிந்துகொள்ளும். "லீவில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பருத்திக்காய் வெடித்ததை, காடை ஓடியதை, சோளத்தட்டைக்குள் கிடந்த பாம்புச் சட்டையை அது சொல்லத் தொடங்கினால், மகாபலிபுரம் போய் வந்த பையன் வாயைப் பிளந்து கேட்பான். இந்த ஒரு வார்த்தை மாற்றத்துக்குக் காசா, பணமா? வீட்டுக்கு வரும் உறவுக் குழந்தைகளிடம் நீங்களும் இப்படியே கேட்கலாம்.

பார்ப்பதற்கு அந்த ஊர்களில் என்ன குறைச்சல்? அரியலூர்க் கரைவெட்டி ஏரிக்கு இதே மாதங்களில் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வரித்தலை வாத்துகள் மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகின்றன. 2024-இல் இந்த ஏரியை ராம்சார் பட்டியலில் சேர்த்து உலகப் புகழ் பெறச் செய்தார்கள். சென்னைப் பேரன் வந்து போகிற மாதிரி வாத்துகளும் வந்து, தின்று, கூச்சல் போட்டுவிட்டு வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகின்றன.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பக்கத்துப் பையன்களின் கால்சட்டைப் பையைத் துவைக்கும் முன் துழாவிப் பார்க்க வேண்டும். கல்லாகிப்போன சிப்பி அதில் இருந்தாலும் இருக்கும்! சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று வெட்டிச் சிமெண்டாக்குகிறார்கள். கல்லங்குறிச்சிப் பக்கம் சிப்பிப் படிவங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், கல்லாக மாறிய பதினெட்டு மீட்டர் நீள மரம் ஒன்று ஓடையோரம் படுத்திருக்கிறது. புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். நம் குழந்தைகள் டைனோஸர் பொம்மைக்கு அழுகிறார்கள். அந்தக் குழந்தைகளோ டைனோஸர் காலத்துக் கடலின் மேலேயே நின்று பாண்டி ஆடுகிறார்கள்! சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையோரத்துத் தாய்மார்களுக்கு மட்டும் இந்தப் பெருமையில் மனசு ஒட்டுவதில்லை. பிள்ளை சாலையைத் தாண்டிப் பள்ளி வாசலில் நுழையும் வரை அவர்களுக்கு மூச்சு வருவதில்லை.

பாண்டி ஆட்டத்தை விட்டு வகுப்புக்குள் போவோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'எ' எழுதி, கீழே ஒரு கால் இழுத்து 'ஏ' என்கிறது. அந்தக் காலை இழுத்துக் கொடுத்தவர் யார் தெரியுமா? இத்தாலியில் 1680-இல் பிறந்து, அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வந்து தங்கித் தமிழ் வளர்த்த வீரமாமுனிவர்! அதற்கு முன் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பதுதான் வழக்கம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். படிக்கிறவர்தாம் குறிலா நெடிலா என்று திண்டாட வேண்டும். அவர் நெடிலுக்குத் தனி வடிவம் வைத்துத் திண்டாட்டத்தைத் தீர்த்தார். பரமார்த்த குரு கதையையும் அவர்தாம் எழுதினார். லீவில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் வந்த குழந்தையிடம் அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் உனக்கு 'ஓ' போடக் கற்றுக் கொடுத்தார் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, ஆபத்து என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

அரைகுறையாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் பருவம் பொல்லாத பருவம். அரை வேக்காட்டுச் சாதத்தை அடுப்பிலிருந்து இறக்கி இறக்கி ஏற்றினால் என்ன ஆகும்? அப்படித்தான். லீவு ஒன்பது நாள், பிறகு எட்டு நாள் பள்ளி, அதில் பாதி மட்டம், உடனே பொங்கல் என்றால், ஏறக்குறைய ஒரு மாதம் குழந்தை புத்தகத்தைத் தொடாமலே போய்விடும். நன்றாகப் படிக்கிற குழந்தைக்கு நஷ்டமில்லை. தட்டுத் தடுமாறிப் படிக்கிற குழந்தைக்குத்தான் நஷ்டம். பெரிய லீவு என்ன செய்யும் என்பதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோமே! கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தைகள் ஏராளம். அந்தப் பள்ளத்தைத் தூர்க்கத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் வகுப்பைப் பார்த்து அல்ல, குழந்தை எவ்வளவு கற்றிருக்கிறது என்று பார்த்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துப் பாடம் சொன்னார்கள். பெயர்கள் அழகாகத்தான் இருக்கின்றன. மொட்டாக லீவுக்குப் போன குழந்தை ஜனவரியில் அரும்பாகத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

வீட்டில் ஆடம்பரமாக ஒன்றும் செய்ய வேண்டாம். பலசரக்குச் சீட்டைக் குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள். பொங்கல் சாமான் பட்டியலை அது எழுதட்டும். 'வெல்லம்' என்பதற்கு 'வெள்ளம்' என்று எழுதினால் சிரித்துவிட்டுத் திருத்துங்கள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துச் சொல்வதும் படிப்புத்தான். இராத்திரி பதினொரு மணி வரை விழித்துப் பழகிய கண்ணைப் பள்ளி திறக்கும் முதல் நாள் ஆறு மணிக்கு எழுப்பினால் வயிற்றுவலி வராமல் என்ன செய்யும்? நாலு நாள் முன்னாலிருந்தே தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுங்கள். இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அத்தை பெண்களோடு ஒரே பாயில் படுத்து வந்த பெண் குழந்தையின் தலையைப் பேன் சீப்பால் ஒரு முறை வாரிவிட்டு அனுப்புங்கள். டீச்சரம்மா உங்களை வாழ்த்துவார்!

இன்னொரு விஷயத்தைப் பட்டணத்தில் நாம் யோசிப்பதே இல்லை. லீவு என்றால் நம் வீட்டில் பலகாரம். சில வீடுகளில் லீவு என்றால் ஒரு வேளை குறைவு. காமராஜர் 1956-இல் மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ஆம் தேதி சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி காலை உணவும் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25 முதல் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி போட்ட சாம்பார். கிராமங்களில் சமைக்கிறவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்; பல இடங்களில் அந்தப் பள்ளியிலேயே படிக்கும் குழந்தையின் தாய். காட்டு வேலைக்கு விடியற்காலையில் போகும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "உப்புமாவா?" என்று முகத்தைச் சுளிக்கும் நம் வீட்டுச் சின்னவருக்கு, லீவு முடிந்த முதல் நாள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் முதலாவதாக நிற்கும் குழந்தை ஒன்று உண்டு என்று தெரியாது.

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம். சில குடும்பங்களுக்குப் பிறக்கும் வழி செங்கல் சூளைக்குப் போகிற வழி. மழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டுச் சூளைகளில் வேலை தொடங்கிவிடும். அது அடுத்த மழைக்கு முன் வரை நடக்கும். கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. முன்பணம் வாங்கிவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டியதுதான். பொங்கல் லீவுக்குப் போன குழந்தை பள்ளிக்குத் திரும்பாமல் போவது இப்படித்தான். மூன்றாம் பருவப் புத்தகத்தை மோந்து பார்த்ததோடு சரி.

குடும்பம் ஊர் ஊராகப் போனால் படிப்பு அவ்வளவுதானா? அதே மண்ணில் ஒரு பையனின் கதையைக் கேளுங்கள். தகப்பனார் சங்கீத வித்துவான். ராமாயண காலட்சேபம் செய்து பிழைப்பவர். ஆதரிப்பவர் இருக்கும் ஊரே அவர்களுக்கு ஊர். அரியலூரில் கொஞ்ச காலம்; பிறகு குன்னம்; பிறகு கார்குடி. போன இடத்திலெல்லாம் பையனுக்கு ஒரு வாத்தியாரைத் தேடுவதே தகப்பனாருக்கு முதல் கவலை. அரியலூரில் சடகோபையங்கார் கிடைத்தார். தமிழின் ருசியைக் காட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை கிடைத்தார். பெரம்பலூருக்குப் பக்கத்தில் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்லிக் கொடுத்தார். 1855-இல் பிறந்த அந்தப் பையன்தான் நம் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர்! அரியலூரை 'அரியிலூர்' என்று எழுதி அந்த நாட்களை எல்லாம் அவர் 'என் சரித்திர'த்தில் விவரித்திருக்கிறார். 1940-இலிருந்து அது 'ஆனந்த விகட'னில் தொடர்கதை மாதிரி வாரா வாரம் வந்தது. உங்கள் பாட்டிமார் சிலர் அதைக் கத்தரித்துத் தைத்துக்கூட வைத்திருக்கலாம். பரணில் தேடிப் பாருங்கள்.

அந்தத் தகப்பனார் வாத்தியார் வாத்தியாராகத் தேடி அலைந்தார். இன்றைக்கு அவ்வளவு அலைய வேண்டாம், சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஊர் மாறிப் போகிற குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே கொடுத்தாக வேண்டும் என்கிறது. அது கைக்கு வரத் தாமதமானாலும், போன ஊர்ப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றோ, நடு வருஷம் என்றோ கதவைச் சாத்தவும் கூடாது. ஜனவரி என்ன, மார்ச்சானாலும் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். சூளை உங்கள் பட்டணத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது, சகோதரிகளே! கட்டடம் எழும்பும் மனை உங்கள் தெருவிலேயே இருக்கலாம். மணற்குவியலின் மேல் ஏழு வயதுப் பெண் ஒன்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பகல் வேளையில் நின்றால், அதன் அம்மாவிடம் இந்த விஷயத்தை எடுத்துச் சொல்ல உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகுமா? பக்கத்துப் பள்ளிக்கூடம் வரை ஒரு முறை கூடப் போய்விட்டு வர முடிந்தால் இன்னும் நல்லது. புதிய ஊரில் தனியாகப் பள்ளி வாசல் ஏறத் தயங்குகிறவள் அவள்.

பொங்கல் கழிந்து பள்ளி திறக்கும் நாள். வகுப்பெல்லாம் கரும்பு தின்ற கதை. டீச்சரம்மா வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். "அவங்க ஊருக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வருகிறது. நல்ல டீச்சராக இருந்தால், பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்த ஊருக்கு?" என்று கேட்கிறார்.